கல்லூரி ரிப்போர்ட்டில் படங்களுக்குச் சரியான ஆங்கிலச் சொல் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகும் முன் அதன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வாக்கியப் பிழைகளைக் கம்ப்யூட்டரே ஓரளவு பிடித்துவிடுகிறது. படத்துக்கு அடியில் வரும் ஒற்றை வரியை, அதாவது கேப்ஷனை, அது கண்டுகொள்வதில்லை. "எல்லாத்துக்கும் பிக்சர்னே போட்டுடுங்கக்கா, நம்பர் மட்டும் மாத்திக்கலாம்" என்று கேட்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் வருகிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளரோ, அதாவது எக்ஸ்டர்னலோ, முதலில் புரட்டுவதே படங்களைத்தான். கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

நமக்கு 'படம்' என்ற ஒரு சொல்லே போதும். 'வரைபடம்' பூகோள வகுப்பில் மேப் ஆகும், கணக்கு வகுப்பில் கிராஃப் ஆகும், வீடு கட்டுபவரிடம் பிளான் ஆகும். ஆங்கிலத்தில் அப்படி ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாது. படம் எதால் உருவானது, அது செய்யும் வேலை என்ன என்று வரிசையாகக் கேட்டால்தான் சொல் கிடைக்கும்.

விளக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பும் பலா மரமும் சாய்ந்தன. அதைப் பற்றி ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அந்த ஒரு ரிப்போர்ட்டிலேயே கேமரா படம், செயற்கைக்கோள் படம், புயலின் பாதை, மழை அளவு என்று எல்லா வகையும் வந்துவிடும்.

1. ஆரம்பிக்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஒரு தாளில் எல்லாப் படங்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: எதால் எடுத்தது அல்லது வரைந்தது, எதற்காகச் சேர்த்தது, யாருடையது. ஃபைலில் ஒட்டிய பிறகு இதைத் தேடினால் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் வந்த படம் யார் எடுத்தது என்று கடைசி வாரத்தில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அடுத்தது அகராதி. ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது, எதைத் தேடினாலும் 'படம்', 'உருவம்', 'சித்திரம்' என்றே சுற்றி வரும். மாணவர்களுக்காகவே போடும் ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி ஒன்று வேண்டும். அதிலும் பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

டிபார்ட்மென்ட் கொடுத்த ஃபார்மேட் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றைச் சொல்லி நான் வேறொன்றைச் சொன்னால், அதன்படியே போங்கள். மார்க் போடுவது நானில்லை.

2. முதல் கேள்வி: எதால் உருவானது?

கேமராவில் எடுத்திருந்தால் ஃபோட்டோகிராஃப். பேச்சில் போட்டோ என்றால் போதும், ரிப்போர்ட்டில் முழுச் சொல்லே அழகு. சாய்ந்து கிடக்கும் முந்திரி மரத்தை மொபைலில் எடுத்ததும் ஃபோட்டோகிராஃப்தான்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். பூஜை அறையில் மாட்டியிருக்கும் லட்சுமியை நாம் 'சாமி போட்டோ' என்போம். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால், லட்சுமியை யாரோ நேரில் நிற்க வைத்து கேமராவில் எடுத்தார்கள் என்றாகிவிடும். அது யாரோ வரைந்த பெயிண்டிங்கை அச்சடித்தது, எனவே பிரிண்ட். காலண்டரில் வந்ததென்றால் காலண்டர் பிரிண்ட்.

பாரதி படத்திலும் இதே சிக்கல். அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தவர் என்பதால் உள்ளூர் வரலாறு பற்றிய ரிப்போர்ட் எதிலும் அவர் படம் இருக்கும். கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஃபோட்டோகிராஃப். பளிச்சென்ற வண்ணத்தில், தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாகச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் ஓவியர் கை வேலை, அது பெயிண்டிங். ஒட்டும் முன் எது உங்களிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

போர்ட்ரெய்ட் என்ற சொல் இந்த இரண்டுக்கும் பொருந்தும். அது ஒரு குறிப்பிட்ட ஆளின் முகமும் தோற்றமும் தெரிய ஆக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது, எதால் ஆக்கப்பட்டது என்று சொல்வதில்லை. 1950-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைக் கேமராவில் எடுத்தார். அது ஃபோட்டோகிராஃப், கூடவே போர்ட்ரெய்ட்டும். கூட்டத்தில் நிற்கும் பத்துப் பேரை எடுத்தால் குரூப் ஃபோட்டோகிராஃப் என்பதே பொருத்தம்.

செயற்கைக்கோள் அனுப்பும் புயல் மேகப் படத்தை இமேஜ் என்றே எழுதுங்கள், ஃபோட்டோகிராஃப் வேண்டாம். வானிலைச் செயற்கைக்கோளில் இருக்கும் கருவி, மேகத்திலிருந்தும் கடலிலிருந்தும் வரும் கதிர்வீச்சை அளந்து எண்களாக அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் அளப்பதால்தான் நடு ராத்திரியிலும் மேகம் தெரிகிறது. அந்த எண்களுக்கு நிறம் கொடுப்பது கம்ப்யூட்டர். ராடார், எக்ஸ்ரே, ஸ்கேன், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு, எல்லாமே இமேஜ்தான்.

கையால் வரைந்ததில் மூன்று பிரிவு. கோடுகளால் ஆனது டிராயிங். நிறத்தைத் தூரிகையால் பரப்பியது பெயிண்டிங். அவசரமாக, விவரம் முழுக்கச் சேர்க்காமல் வரைந்தது ஸ்கெட்ச். 'ஸ்கெட்ச்' என்றால் நமக்குப் பெட்டியில் வரும் கலர் பேனா, ஆகவே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்ததெல்லாம் ஸ்கெட்ச் என்று நினைக்கிறார்கள். அந்தப் பேனாவாலேயே பொறுமையாக, முழுமையாக வரைந்திருந்தால் அது டிராயிங்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நிலத்துக்கான எஃப்எம்பி (ஃபீல்ட் மெஷர்மென்ட் புக்) ஸ்கெட்ச், சர்வே அளவுகளோடு அளவுகோல்படி வரைந்தது, அவசர வேலை அல்ல. ஆனாலும் அந்த ஆவணத்தின் பெயரே அது. அலுவலகம் வைத்த பெயரை நீங்கள் திருத்தாதீர்கள்.

சுவர் ஓவியம் என்றால் மியூரல். ஃப்ரெஸ்கோ என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கோயில் ஓவியம் எல்லாவற்றுக்கும் அதைப் போடாதீர்கள். ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காயும் முன் தீட்டியதற்கு மட்டுமே அந்தப் பெயர். புதுச்சேரியின் வெள்ளையர் தெருக்களின் மதில்களில் இப்போது காணும் வண்ணப் படங்களும் மியூரல்தான்.

கோலத்துக்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டாம். கோலம் என்றே எழுதி, அரிசி மாவால் தரையில் வரைந்த டிசைன் என்று ஒரு முறை விளக்கினால் முடிந்தது.

3. இரண்டாம் கேள்வி: அது என்ன வேலை செய்கிறது?

பட்டியலில் பாதிக்கு முதல் கேள்வியிலேயே பெயர் கிடைத்திருக்கும். மிச்சமிருப்பவை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்தவை. அவற்றை எதால் செய்தோம் என்று கேட்டுப் பயனில்லை, செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

பாகங்களையும் இயக்கத்தையும் விளக்கினால் டயகிராம். பத்தாம் வகுப்பில் "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று கேட்டார்களே, அதுதான். நிஜப் பொருள் போலவே தெரிய வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. தேவையற்றதை விட்டுவிட்டு அம்புக்குறியும் பெயரும் போடுவதே அதன் வேலை. நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரி எப்படி மின்சாரம் ஆகிறது என்று கட்டம் கட்டமாக அம்பு போட்டுக் காட்டினால், அது ஃப்ளோ டயகிராம்.

இல்லஸ்ட்ரேஷன் வேறு. எழுத்தில் சொன்ன பொருளை வாசகர் கண்ணால் பார்க்க உதவும் படம் அது. பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டி நிற்கும் அவிசீனியா என்ற சதுப்புநில மரத்தின் மூச்சு வேர்களைப் பார்த்தது போலவே வரைந்து பாடத்தோடு சேர்த்தால் இல்லஸ்ட்ரேஷன். அதே வேரைக் குறுக்கே வெட்டி, காற்று உள்ளே போகும் வழிக்கு அம்பு போட்டால் டயகிராம். ஒரே வேர், ஒரே கை வரைந்தது, ஆனாலும் பெயர் இரண்டு.

எண்களைக் காட்டும் படங்களில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். எக்செல் தன் மெனுவில் எல்லாவற்றையும் சார்ட் என்கிறது, கணக்கு டீச்சர் எல்லாவற்றையும் கிராஃப் என்றிருப்பார். இரண்டு அளவுகளுக்கு இடையிலான உறவை, கிடைக்கோடு நெடுங்கோடு போட்டுக் காட்டுவது கிராஃப். புயலுக்கு முந்தைய நாளிலிருந்து மணிக்கு மணி காற்றின் வேகம் எப்படி ஏறியது என்பது கிராஃப். சார்ட் அதைவிட அகலமான சொல். பை சார்ட், ஃப்ளோ சார்ட் எல்லாம் அதில் அடங்கும். பை சார்ட்டில் அச்சுக்கோடு எதுவும் இல்லை, ஆகையால் அதை கிராஃப் என்று எழுதாமல் இருப்பது நல்லது. பார் கிராஃப், பார் சார்ட் இரண்டும் வழக்கில் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை அதையே எழுதுங்கள்.

ஹிஸ்டோகிராமை பார் சார்ட் என்று எழுதினால் புள்ளியியல் எக்ஸ்டர்னல் விடமாட்டார். பண்ருட்டி, நெய்வேலி, குறிஞ்சிப்பாடி என்று ஊர் ஊராகச் சாய்ந்த மரங்களைக் காட்டினால் பார் சார்ட், கம்பங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மரத்தின் வயதை 0–10, 10–20, 20–30 வருஷம் என்று தொடர்ச்சியாகப் பிரித்து எத்தனை மரம் என்று காட்டினால் ஹிஸ்டோகிராம், கம்பங்கள் ஒட்டியே நிற்கும். ஊர்ப் பெயர்களை எந்த வரிசையிலும் மாற்றி அடுக்கலாம், வயதை அப்படி மாற்ற முடியாது. எது எது என்று குழம்பினால் கம்பங்களை இடம் மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் 'சார்ட் போட்டுட்டு வா' என்பார்களே, அந்தப் பெரிய தாளில் படம் ஒட்டி எழுதியது ஆங்கிலத்தில் போஸ்டர். கருத்தரங்கில் நீங்கள் மாட்டுவதும் போஸ்டர்தான்.

இடத்தைக் காட்டினால் மேப். புயலின் பாதையை வங்கக் கடலில் வளைகோடாகக் காட்டுவது ட்ராக் மேப். ஆனால் கடலூர் துறைமுகத்துக்குள் கப்பல் ஓட்டுபவர் பார்க்கும் கடல் மேப்புக்குப் பெயர் சார்ட். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்ற எண்கள் அதில் நிறைந்திருக்கும். மீன்வளம் படிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சின்ன இடத்தை மேலிருந்து பார்ப்பது போல, அளவோடு விரிவாகக் காட்டினால் பிளான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு மேப், பழைய நகரைச் சுற்றும் புல்வார் சாலைக்கு உள்ளே இருக்கும் நேர் நேர் தெருக்களுக்கு டவுன் பிளான், அதில் ஒரு பழைய வீட்டுக்கு ஃப்ளோர் பிளான். பாரம்பரிய வீடுகளை அளக்கும் ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு இதோடு எலிவேஷனும் வரும். வீடு கட்டுபவர்கள் 'எலிவேஷன் வேலை' என்று முகப்பு அலங்காரத்தைச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் எலிவேஷன் என்பது அந்த முகப்பை நேர் எதிரே நின்று பார்ப்பது போல அளவோடு வரைந்த டிராயிங். மொபைலில் முகப்பை எடுத்து ஒட்டிவிட்டு எலிவேஷன் என்று எழுதினால் அது பொய்.

4. ஃபிகர் என்பது பெயரல்ல, வரிசை எண்

இதுவரை பார்த்த அத்தனையும் ரிப்போர்ட்டுக்குள் வந்ததும் ஃபிகர் 1, ஃபிகர் 2 ஆகிவிடும். மேப்பும் ஃபிகர், டயகிராமும் ஃபிகர், ஃபோட்டோகிராஃபும் ஃபிகர். அதனால் கேப்ஷனில் ஃபிகர் என்று எண் போட்டுவிட்டு, வகைப் பெயரை எழுத வேண்டிய இடத்தில் எழுதுங்கள்: ஃபிகர் 4, பிறகு ட்ராக் மேப் ஆஃப் சைக்ளோன் தானே. ஃபிகர் என்று போட்டதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள், அப்போது பார்ப்பவருக்கு அது எதைக் காட்டுகிறது என்று தெரியாது.

டேபிள் மட்டும் ஃபிகர் ஆகாது. எண்களும் எழுத்தும் கட்டங்களில் இருப்பது டேபிள், அதற்குத் தனி வரிசை எண். கேப்ஷன் டேபிளுக்கு மேலே, ஃபிகருக்குக் கீழே வைப்பதே பொதுவான வழக்கம். டேபிளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டிவிட்டு ஃபிகர் என்கிறவர்களும் உண்டு. ஒட்டாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள்.

பழைய ஆய்வு நூல்களில் பிளேட் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டினார் அல்லவா, அந்தக் காலத்து அகழாய்வு அறிக்கைகளில் கோட்டுப் படங்களுக்கு ஃபிகர் எண்ணும், தனித் தாளில் அச்சான புகைப்படங்களுக்கு பிளேட் எண்ணும் தந்தார்கள். அங்கிருந்து மேற்கோள் காட்டும்போது பிளேட் என்பதை அப்படியே எழுதுங்கள், உங்கள் எண்ணுக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் மூல நூலில் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

5. இமேஜும் பிக்சரும் கடைசியில்

இந்த இரண்டையும் வேண்டுமென்றே இங்கே வைத்திருக்கிறேன். முதலிலேயே சொன்னால் எல்லாவற்றையும் இதற்குள் போட்டு மூடிவிடுவார்கள்.

பிக்சர் பேச்சு மொழிச் சொல். போட்டோவோ ஓவியமோ, கண்ணால் பார்க்கிற எதற்கும் வீட்டில் சொல்லலாம். ரிப்போர்ட்டில் அதற்கு வேலை மிகக் குறைவு. கேப்ஷனில் பிக்சர் என்று இருந்தால், வகையைக் கண்டுபிடிக்கும் சிரமம் எடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

இமேஜுக்குப் பொருள் பல. கருவி உருவாக்கியது, கண்ணாடியில் தெரியும் பிம்பம், மனதில் தோன்றும் உரு, ஒருவரைப் பற்றி ஊர் வைத்திருக்கும் எண்ணம் எல்லாமே இமேஜ். கம்ப்யூட்டரில் சேமித்த எந்தப் படத்தின் ஃபைலும் இமேஜ். ஃபைலைப் பற்றிப் பேசும்போது, உதாரணமாக இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, அந்தச் சொல் சரி. படத்தில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது வகைப் பெயருக்குப் போங்கள்.

கலை வரலாறு படிப்பவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துறையின் ஆங்கிலத்தில் மூர்த்தியையும் இமேஜ் என்பார்கள். பிரான்ஸ் (bronze) இமேஜ் ஆஃப் நடராஜா என்றால் செப்புத் திருமேனி, அதை எடுத்த போட்டோ அல்ல. சிதம்பரம் கோபுரங்களில் இருக்கும் கரணச் சிற்பங்களுக்கு, அதாவது நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்களுக்கு, ரிலீஃப் என்று பெயர், கல்லில் புடைத்து நிற்கிறவை என்பதால். நீங்கள் எடுத்தது அந்த ரிலீஃபின் ஃபோட்டோகிராஃப்.

டிபிக்ஷன், போர்ட்ரேயல் இரண்டையும் கேப்ஷனில் எழுத வேண்டாம். ஒருவரை, ஒன்றை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பாராவுக்குள் விவாதிக்கும்போது அவை உதவும்.

6. சொல்லோடு சேரும் வினை

சொல் சரியாக இருந்தும் வினை தவறினால் வாக்கியம் நொண்டும். ஃபோட்டோகிராஃபுக்கு டேக், டயகிராமுக்கு டிரா, கிராஃபுக்கு பிளாட், போர்ட்ரெய்ட் ஓவியத்துக்கு பெயிண்ட். 'கிளிக்' நம் நாட்டு ஆங்கிலத்தில் ஓடுகிறது, ரிப்போர்ட்டில் டேக் என்றே எழுதுங்கள்.

இன், ஆன் இரண்டும் தொல்லை தரும். படத்துக்குள் தெரிவதற்கு இன்: இன் தி ஃபோட்டோகிராஃப், இன் தி டயகிராம், இன் ஃபிகர் 4. மேப்புக்கு மட்டும் ஆன் தி மேப். ஆன் தி போட்டோ என்று எழுதினால், போட்டோ தாளின் மேலே ஏதோ கறை பட்டிருக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார்.

கிராஃப் தலைப்பில் அகென்ஸ்ட் வந்தால் வரிசை முக்கியம். நெடுங்கோட்டில் இருப்பதை முதலிலும் கிடைக்கோட்டில் இருப்பதை அடுத்தும் சொல்ல வேண்டும். காற்று வேகம் நெடுங்கோடு, நேரம் கிடைக்கோடு என்றால் விண்ட் ஸ்பீட் அகென்ஸ்ட் டைம். திருப்பிப் போட்டால் எக்ஸ்டர்னல் கிராஃபையே திருப்பிப் பார்ப்பார்.

7. யாருடைய படம்?

'அப்பாவின் போர்ட்ரெய்ட்' என்று 's போட்டு எழுதினால் மூன்று அர்த்தம் வரும்: அப்பாவைக் காட்டுவது, அப்பா வரைந்தது, அப்பாவிடம் இருப்பது. ஃபோட்டோகிராஃபுக்கும் அப்படியே. அதனால் கேப்ஷனில் 's வேண்டாம். படத்தில் இருப்பவருக்கு ஆஃப், எடுத்தவருக்கு பை, கொடுத்து உதவியவருக்கு கர்ட்டசி ஆஃப். பட்டியல் தாளின் மூன்றாவது விவரம் இங்கேதான் கைகொடுக்கும்.

8. தானே புயல் ரிப்போர்ட்டைத் திருத்திப் பார்ப்போம்

மாணவர் எழுதிக் கொண்டுவருவது வழக்கமாக இப்படி இருக்கும்: பிக்சர் 1 சைக்ளோன் போட்டோ, பிக்சர் 2 சைக்ளோன் ரூட், பிக்சர் 3 ரெயின் சார்ட், பிக்சர் 4 டேமேஜ் இமேஜ்.

முதலாவது படம் செயற்கைக்கோளிலிருந்து வந்தது, எனவே ஃபிகர் 1, சாட்டிலைட் இமேஜ் ஆஃப் சைக்ளோன் தானே, கூடவே தேதி. இரண்டாவது இடத்தைக் காட்டுகிறது, ட்ராக் மேப். மூன்றாவதைத் திறந்து பார்த்தால் ஊர் ஊராகக் கம்பங்கள், ஆகவே பார் சார்ட் ஷோயிங் ரெயின்ஃபால், பின்னால் தேதி. நான்காவது மொபைலில் எடுத்தது: ஃபோட்டோகிராஃப் ஆஃப் அப்ரூட்டட் கேஷ்யூ ட்ரீஸ் நியர் பண்ருட்டி. 'டேமேஜ்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன், வேரோடு சாய்ந்த மரம் என்றாலே சேதம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் முடிந்ததும் லிஸ்ட் ஆஃப் ஃபிகர்ஸ் பக்கத்தை மட்டும் தனியாக பிரிண்ட் எடுத்து, அந்த ரிப்போர்ட்டைப் பார்க்காத நண்பரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரியைப் படித்ததும் அங்கே என்ன இருக்கும் என்று அவர் சொல்லட்டும். அவர் ஒன்று சொல்லி, பக்கத்தில் வேறொன்று இருந்தால், அந்த கேப்ஷனை மட்டும் மறுபடி இரண்டாம் படியிலிருந்து பாருங்கள். பைண்டிங் போட்ட பிறகு இதைச் செய்து பயனில்லை, ஒரு எழுத்தை மாற்றினாலும் நாலு காப்பியையும் பிரிக்க வேண்டி வரும்.